பேஸ் ஆள் கிடைக்கவில்லை, ஆர்கன் ட்ரியோ வாசிக்கலாமா? கோல்டிங்ஸ், பெர்ன்ஸ்டைன், ஸ்டூவர்ட்டை எப்படிக் கேட்பது?

ஈசூன் தாளம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சிங்கப்பூரில் ஜாஸ் வாசிக்க ஆரம்பித்திருக்கிறோம். நான் டிரம்ஸ், சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு தேசிய சேவை முடிந்த பிறகுதான் குச்சியைப் பிடித்தவன். ஒரு நண்பன் கித்தார். இன்னொரு தோழி தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கிறவள். பேஸ் (தாழ்ந்த சுரங்களைத் தருகிற கருவி) வாசிக்க ஆள் தேடித் தேடி அலுத்துவிட்டது, நன்றாக வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இரண்டு மூன்று குழுக்களில் இருக்கிறார்கள். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் "ஆர்கன் ட்ரியோவாக வாசியுங்களேன், பேஸ் ஆளே தேவையில்லை" என்று சொல்லி லாரி கோல்டிங்ஸ் (ஆர்கன்), பீட்டர் பெர்ன்ஸ்டைன் (கித்தார்), பில் ஸ்டூவர்ட் (டிரம்ஸ்) மூவரும் வாசித்த 'டாய் டியூன்ஸ்' ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் பாதி பிடிபடவில்லை. பேஸ் தெளிவாகக் கேட்கிறது, அட்டையில் பேஸ் வாசித்தவர் பெயர் இல்லை. டிரம்ஸ் ஒரே இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஆனாலும் காலப்பிரமாணம் இம்மியும் அசையவில்லை. இந்த மூவரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்களேன். அப்புறம் ஒரு நடைமுறைக் கேள்வி. அமெரிக்காவிலிருந்து பழைய ஹேமண்ட் ஆர்கன் ஒன்றை இணையத்தில் ஒருவர் விற்கிறார், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. மூன்று பேரும் பணம் போட்டு வாங்கலாமா?


பழைய இசைத்தட்டு எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட பேஸ் கோல்டிங்ஸின் இடது கை.

ஹேமண்ட் ஆர்கனுக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசைகள், காலடியில் 25 பெடல்கள். ஜாஸ் வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் கீழ் வரிசையில் இடது கையால் பேஸ் நடையை விடாமல் வாசித்துக்கொண்டே போவார்கள். வலது கை மேல் வரிசையில் மெட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு), சோலோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இடது கால் அவ்வப்போது ஒரு பெடலைத் தொட்டுவிட்டு விலகும், அது முழுச் சுரமாகக் கேட்காது, பெரிய டபுள் பேஸின் நரம்பைச் சுண்டும்போது முதலில் ஒரு 'தும்' விழுமே, அதை மட்டும் இடது கையின் சுரத்தோடு சேர்க்கும். வலது காலுக்கு வேறு வேலை, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பெடல். ஹேமண்டில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான், அதனால் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த வலது பாதத்தில்தான் இருக்கிறது. கைகால் நான்குக்கும் நான்கு வேலை. இதைத் தெரிந்துகொண்டு 'டாய் டியூன்ஸ்' கேட்டால் அந்த மனிதர் மேல் மரியாதை தானாக வரும்.

மூவரைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டூவர்ட் 1966-இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர், பெர்ன்ஸ்டைன் 1967, நியூயார்க்காரர், கோல்டிங்ஸ் 1968, பாஸ்டன். ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். 1980களின் கடைசியில் நியூயார்க்கின் மேல் பிராட்வேயில் ஆகீஸ் என்ற சின்ன பாரில் வாசித்து வாசித்துத்தான் இந்த ட்ரியோ உருவானது. 1999-இல் அதே இடத்தில் ஸ்மோக் என்ற ஜாஸ் கிளப் வந்தது. 2022-இல் இவர்களுடைய 'பெர்பெச்சுவல் பெண்டுலம்' ஆல்பத்தை வெளியிட்டது அந்த ஸ்மோக் கிளப்பின் சொந்த லேபிள்தான். இடையில் 30 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஆள் ஒருவர்கூட மாறவில்லை. ஜாஸில் இது லேசில் பார்க்கக் கிடைக்காத விஷயம், இன்றைக்கு ஒருவரோடு நாளைக்கு இன்னொருவரோடு என்றுதான் அங்கே பிழைப்பே.

இத்தனை வருடத்தில் மூவரும் சும்மா இருக்கவுமில்லை. கோல்டிங்ஸ் பாடகர் ஜேம்ஸ் டெய்லருடன் நெடுங்காலம் வாசித்திருக்கிறார், 2007-இல் வந்த 'ஒன் மேன் பேண்ட்' நிகழ்ச்சியில் டெய்லருக்குத் துணையாக மேடையில் இருந்த ஒரே இசைக்கலைஞர் இவர்தான். கோல்டிங்ஸும் ஸ்டூவர்ட்டும் 90களின் தொடக்கத்தில் சாக்ஸஃபோன்காரர் மேசியோ பார்க்கரிடம் வாசித்தார்கள், பிறகு கித்தார்காரர் ஜான் ஸ்கோஃபீல்டிடம். வெளியே என்ன கற்றார்களோ அதையெல்லாம் மறுபடி இந்த மூவர் கூட்டுக்குள் கொண்டுவந்து போட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? 1999-இல் வந்த 'மூன்பேர்ட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அதில் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இடது கையை மட்டும் கேளுங்கள், மற்ற எதுவும் காதில் விழாத மாதிரி. அடுத்து ஸ்டூவர்ட்டின் ரைடு சிம்பலை, அதாவது அவர் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டு போகிற அந்தப் பெரிய உலோகத் தட்டை மட்டும். மூன்றாவதாக அந்த இரண்டும் சேர்கிற இடத்தை. ஆர்கன் ட்ரியோ என்பதே அந்தச் சேர்க்கைதான், இடது கையும் சிம்பலும் ஒட்டவில்லை என்றால் வலது கை என்ன வித்தை காட்டினாலும் வீண். உங்கள் மூவருக்கும் நான் சொல்வது இதுதான், மற்றதெல்லாம் பிறகு.


கிழக்குக்கரை எழுதியது:

அண்ணன் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இவர்களில் தொடங்கக் கூடாது. ஆர்கன்காரர் ஜிம்மி ஸ்மித்தில் தொடங்க வேண்டும்.

1956-இல் புளூ நோட் கம்பெனி ஜிம்மி ஸ்மித்தின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிறகுதான் ஆர்கன், கித்தார், டிரம்ஸ் என்கிற இந்த அமைப்பு ஊரெல்லாம் பரவியது. பிலடெல்பியா பக்கத்து ஆள். அதற்கு முன்னால் வைல்ட் பில் டேவிஸ் போன்றவர்கள் ட்ரியோ வைத்திருந்தார்கள், ஆனால் பீபாப் என்கிற வேகமான ஜாஸ் பாணியை ஆர்கனில் கொண்டுவந்தவர் ஸ்மித். 'பேக் அட் த சிக்கன் ஷேக்' கேளுங்கள், அந்த புளூஸ் வாடை உடம்பில் ஏறாமல் நேராக கோல்டிங்ஸிடம் போனால் அவர் எதை வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறார் என்பது தெரியாது. ஸ்மித் மாதிரி கத்தக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு அவர் எப்போது கத்தாமல் இருக்கிறார் என்பதில்தான் அவருடைய அழகே இருக்கிறது.

அடுத்தது இன்னொரு ஆர்கன்காரர், லாரி யங். 1965-இல் பதிவான 'யூனிட்டி'. அது ட்ரியோ இல்லை, ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்த நால்வர், ஆனால் அங்கேயும் பேஸ் ஆள் கிடையாது. டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். தம்பி டிரம்ஸ்காரர் என்பதால் இதை விடவே கூடாது.


பழைய இசைத்தட்டு எழுதியது:

ஸ்மித்தை யார் வேண்டாம் என்றது? ஆனால் இவர்கள் மூவரும் நாளைக்கு வாசிக்க வேண்டியவர்கள். ஸ்மித்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தத் தோழி வலது கையின் வேகத்தைத்தான் பிடிக்கப் பார்ப்பார், இடது கை காணாமல் போய்விடும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதை முதலில் காதில் வாங்கட்டும், வேகம் எங்கே ஓடிவிடப் போகிறது. 'யூனிட்டி' விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு.


மின்கம்பி எழுதியது:

அந்த ஆர்கனைத் தயவுசெய்து இப்போதைக்கு வாங்க வேண்டாம். முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் மின்சார வேலை பார்க்கிறவன், இந்த மாதிரிப் பழைய கருவிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

ஹேமண்டைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹேமண்ட் கடிகாரக் கம்பெனி நடத்தியவர். மின்சாரக் கடிகாரத்தில் போடுகிற சிங்க்ரனஸ் மோட்டாரைத்தான் 1935-இல் விற்பனைக்கு வந்த அவருடைய ஆர்கனிலும் போட்டார். தேவாலயங்களுக்குக் குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லை என்றால் இது என்று விற்றார்கள். நம் எஸ்பிளனேட் அரங்கில் மேடைக்குப் பின்னால் நிற்கிறதே, கிளைஸ் கம்பெனி கட்டிய குழாய் ஆர்கன், அதில் காற்று குழாய்க்குள் போய்ச் சத்தம் வரும். ஹேமண்டில் காற்றும் இல்லை குழாயும் இல்லை. உள்ளே ஒரு நீளமான தண்டு பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்ற, 90-க்கு மேற்பட்ட சின்னச் சின்ன இரும்புச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் மேடு பள்ளம் இருக்கும், பக்கத்தில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். மேடு காந்தத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும், அதுதான் சுரம்.

இப்போது கவனியுங்கள். சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் இல்லை, மின்சாரத்தின் அதிர்வெண். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரில் 50. அங்கே செய்த ஆர்கனை இங்கே செருகினால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், எல்லாச் சுரமும் சேர்ந்து மூன்று அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும். சி கட்டையை அழுத்தினால் ஏ-க்கும் சற்றுக் கீழே ஏதோ ஒன்று வரும். ஏ-யாகவே வந்தாலாவது இடம் மாற்றி வாசிக்கலாம், இது இரண்டுங்கெட்டான். கித்தாரை இறக்கிக் கட்டித்தான் சமாளிக்க வேண்டும்.

கடைக்காரர்கள் "டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்" என்பார்கள். 230 வோல்ட்டை 110 ஆக்குகிற பெட்டி வோல்டேஜைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். அதிர்வெண்ணையே மாற்றித் தருகிற கருவி வேண்டும், அது ஆர்கனுக்குத் தோதாகச் சுத்தமான அலையைத் தர வேண்டும், அது தனிச் செலவு. ஆர்கனோடு சேர்க்கிற லெஸ்லி என்கிற சுழல் ஸ்பீக்கரிலும் இதே கதை, உள்ளே சுற்றுகிற மோட்டாரின் வேகமும் குறைந்துவிடும். ஐரோப்பாவுக்கென்று 50 ஹெர்ட்ஸில் செய்த ஹேமண்டுகளும் உண்டு. அதனால் யார் விற்றாலும் பின்பக்கத் தகடைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வோல்ட்டும் ஹெர்ட்ஸும் அதில் அடித்திருக்கும்.

எடையையும் யோசியுங்கள். ஹேமண்டின் பி-3 மாடல் பெஞ்சும் பெடலும் சேர்த்து 180 கிலோவுக்குக் குறையாது. வீவக அடுக்குமாடி மின்தூக்கிக்குள் அதைத் திருப்பி ஏற்றுவதற்குள் நான்கு பேருக்கு இடுப்பு போய்விடும். இதுவும் 1970களின் நடுவில் நின்றுபோன மாடல், எண்ணெய் விட்டுப் பராமரிக்காமல் எங்கேயோ கிடங்கில் கிடந்த ஆர்கன் என்றால் விலை குறைவாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.


ஈசூன் தாளம் எழுதியது:

மின்கம்பி அண்ணே, நல்ல வேளை கேட்டேன். விற்பவர் "ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இலவசம்" என்றுதான் போட்டிருக்கிறார். ஆர்கனை விட்டுவிட்டோம். தோழியிடம் 88 கட்டை ஸ்டேஜ் பியானோ இருக்கிறது, அதில் ஆர்கன் ஒலிகள் உண்டு, கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பேஸ் வைக்கலாம். அதுவே போதுமா? அவளுக்கு என்ன பயிற்சி சொல்லலாம்?


ஞாயிறு ஆராதனை எழுதியது:

இந்தத் தங்கைக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் தேவாலயத்தில் வாசிப்பவள்தான், பியானோவிலிருந்து ஆர்கனுக்கு வந்தவள்.

தொடங்குவதற்கு ஸ்டேஜ் பியானோ போதும். ஆனால் முதல் வேலையாக சஸ்டெயின் பெடலைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். பியானோவில் விரலை எடுத்தாலும் பெடல் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆர்கனில் கட்டையை அழுத்தியிருக்கிற வரைக்கும்தான் சுரம், விரலை எடுத்த நொடியில் அறுந்துவிடும். அதனால் ஒரு சுரத்தைப் பிடித்தபடியே அதன் மேல் விரலை மாற்றிக்கொண்டு அடுத்ததுக்குப் போகக் கற்க வேண்டும். எங்கள் ஞானப்பாட்டுகளை மெதுவாக இப்படி வாசித்தாலே கை பழகிவிடும், அவளுக்கு அவை மனப்பாடமாகத்தான் இருக்கும்.

பேஸுக்கு இடது கை மட்டும். வலது கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். 12 பார் புளூஸ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு சுரமாக, நிற்காமல், நீங்கள் ரைடு சிம்பல் மட்டும் தட்ட அவள் அதோடு நடக்கட்டும். கார்டு மாறுகிற இடத்துக்கு முந்தின பீட்டில் அடுத்த கார்டின் மூலச் சுரத்துக்கு அரைச்சுரம் மேலே அல்லது கீழே வைத்தால் தானாக இழுத்துக்கொண்டு போகும். இது அலுக்கிற வேலை, தெரியும். ஆனாலும் இடது கை யோசிக்காமல் நடக்கும் வரை வலது கையை எடுக்கவே கூடாது. எடுத்தால் என்ன ஆகும் என்றால், வலது கை சோலோவில் சூடு பிடித்ததும் இடது கை அதோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும், நீங்கள் டிரம்ஸில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஒலியைப் பற்றி. ஹேமண்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்பது ட்ராபார்கள், அதாவது ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கிற பிடிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை வெளியே இழுக்கலாம். பெரும்பாலான கீபோர்டுகளில் இதே அமைப்பைத் திரையில் காட்டுவார்கள். மேல் வரிசைக்கு முதல் மூன்றையும் முழுதாக இழுத்து மற்ற ஆறையும் மூடிவிட்டு, மூன்றாம் ஹார்மானிக் பெர்கஷனை (சுரம் தொடங்கும்போது ஒரு சின்னத் தட்டலைச் சேர்க்கிற விசை) போட்டால் ஜிம்மி ஸ்மித் காலத்திலிருந்து எல்லாரும் வாசிக்கிற ஒலி. அந்தப் பெர்கஷன் எல்லா விரலையும் எடுத்த பிறகு அழுத்தும் முதல் சுரத்துக்கு மட்டும்தான் அடிக்கும், அடுத்தடுத்து ஒட்டி வாசித்தால் வராது. எங்கே ஒட்ட வேண்டும் எங்கே விட வேண்டும் என்பதைக் கை இதில்தான் கற்றுக்கொள்ளும். பேஸுக்கு முதலாவதையும் மூன்றாவதையும் முழுதாக, இரண்டாவதைப் பாதிக்குக் குறைவாக வைத்துப் பார்க்கட்டும்.

லெஸ்லி சுழற்சியை எப்போதும் வேகத்திலேயே வைக்காதீர்கள், கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். மெதுவில் வைத்து, ஒரு வாக்கியத்தின் உச்சத்தில் மட்டும் வேகத்துக்கு மாற்றி மறுபடி இறக்க வேண்டும். கோல்டிங்ஸ் இதில் எவ்வளவு சிக்கனம் என்று கேளுங்கள். பியானோக்காரர்களின் விரல் அழுத்தத்தில் வருகிற நுணுக்கத்தையெல்லாம் அவர் ட்ராபாரைத் தள்ளுவதிலும் இழுப்பதிலும் கொண்டுவந்துவிடுகிறார், மெதுவான பாட்டுகளில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே அதன் நிறத்தை மாற்றுவது காதில் விழும். நான் அவரிடம் மயங்கியது அங்கேதான்.

ஒரே ஒரு குறை, ஸ்டேஜ் பியானோவின் கட்டைகள் கனமாக இருக்கும். உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே மேலே போகிற வேலையை அதில் செய்தால் கை வலிக்கும். பிற்பாடு பணம் சேர்ந்தால் லேசான, விளிம்பு மழுங்கிய கட்டைகள் உள்ள ஆர்கன் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போகிற எடையில்கூடக் கிடைக்கின்றன.


ஆறு நரம்பு எழுதியது:

கித்தார் நண்பரை யாருமே கண்டுகொள்ளவில்லையே! ஆர்கன் ட்ரியோவில் கித்தார்காரருக்குத்தான் புத்தி அதிகம் வேண்டும்.

ஆர்கன் சோலோ வாசிக்கும்போது இடது கை பேஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது, வலது கை சோலோவில். அப்படியென்றால் கார்டு யார் தருவது? கித்தார்தான். கித்தார் சோலோவுக்கு வரும்போது ஆர்கனின் வலது கை கார்டுக்குத் திரும்பும். இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கார்டு போட்டால் நடு ஸ்தாயி முழுக்கச் சேறாகிவிடும், ஏனென்றால் ஆர்கனின் கார்டு தேயாது, பிடித்திருக்கும் வரைக்கும் முழுச் சத்தத்தில் நிற்கும்.

பெர்ன்ஸ்டைன் இதில் பெரிய பாடம். மூத்த கித்தார்காரர் ஜிம் ஹாலிடம் படித்தவர், ஜிம் ஹால் 1990-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய கச்சேரியில் இவரை மேடையேற்றினார். குருவிடமிருந்து வந்தது அந்த அடக்கம் என்று நினைக்கிறேன். ஆறு நரம்பில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் தொட்டு, அதுவும் மேல் நரம்புகளில், சரியான இடத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். சோலோவில் ஒவ்வொரு சுரமும் உருண்டையாக, எடையோடு, தனித்தனியாக விழும். எஃபெக்ட் பெடல் வரிசை எதுவும் இல்லை, ஆர்ச்டாப் கித்தார், ஒரு ஆம்ப், அவ்வளவுதான். 1998-இல் அவர் பெயரில் வந்த 'எர்த் டோன்ஸ்' ஆல்பத்திலும் இதே மூவர்தான். நண்பரை அதைக் கேட்கச் சொல்லுங்கள், கீழ் இரண்டு நரம்புகளை மறக்கவும் சொல்லுங்கள், அந்த இடம் தோழியின் இடது கைக்குச் சொந்தம்.


தனி ஆவர்த்தனம் எழுதியது:

டிரம்ஸ் ஒரே இடத்தில் நிற்கவில்லை, காலப்பிரமாணம் அசையவில்லை என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் மிருதங்கத்திலிருந்து வந்தவன், அதனால் கை துறுதுறுக்கிறது.

நீங்கள் மிருதங்கம் வாசித்தவர், அப்படியென்றால் இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நல்ல மிருதங்கக்காரர் பாட்டுக்கு வாசிக்கும்போது ஒவ்வொரு அட்சரத்தையும் தட்டிக் காட்டிக்கொண்டா இருக்கிறார்? பாடகரின் வாக்கியத்தைக் கேட்டு, அது முடிகிற இடத்தை முன்கூட்டியே உணர்ந்து, அங்கே ஒரு சொல்லை வைக்கிறார். தாளம் கையில் இருக்கிறது, மனதில் இருக்கிறது, சபையில் தொடையைத் தட்டுகிற ரசிகரிடமும் இருக்கிறது. ஸ்டூவர்ட் செய்வதும் அதுதான். 32 பாரும் அவர் மனதில் ஆவர்த்தனமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, ஸ்னேரிலும் பேஸ் டிரம்மிலும் அவர் வாசிப்பது அதன் மேல் நடக்கிற பேச்சு. பெர்ன்ஸ்டைன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் ஸ்டூவர்ட் அதை முடித்துவைப்பார், அல்லது வேண்டுமென்றே முடிக்காமல் விட்டு கோல்டிங்ஸை இழுப்பார்.

அவருடைய ரைடு சிம்பலைக் கவனியுங்கள். வறண்ட ஒலி, அடித்த பிறகு நீளமாக இரையாது, ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கும். ஆர்கன் எப்போதும் நீண்டு ஒலிக்கிற கருவி, கூடவே இரைகிற சிம்பலையும் வைத்தால் எல்லாம் புகை மூட்டமாகிவிடும். அவருடைய சிம்பல் குச்சியின் நுனியைக்கூடக் காதில் காட்டும், அதனால்தான் இடது கையின் ஒவ்வொரு பேஸ் சுரமும் எங்கே விழுகிறது என்று நமக்குத் தெரிகிறது. பெனின்சுலா பக்கத்துக் கடைகளில் சிம்பல் வாங்கப் போனால் பளபளவென்று இரைகிறதை வாங்கிவிடாதீர்கள். கடையில் ஓங்கி அடித்துப் பார்க்காமல், நீங்கள் வாசிக்கப்போகிற சத்தத்தில் சுவிங் தாளத்தை ஒரு நிமிடம் விடாமல் தட்டி, அடிகள் ஒன்றோடொன்று கலக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிரம்ஸ் சோலோ வரும்போது எண்ணிக்கையை விடாதீர்கள், பாட்டின் மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். ஸ்டூவர்ட்டின் சோலோவில் மெட்டின் வடிவம் கேட்கும், எங்கே இரண்டாம் பகுதி தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நமக்குத் தனியில் கோர்வை வைத்து எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்குகிற இடத்துக்கு, வந்து விழுகிற பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் ஜாஸில் மூன்று தடவை சொல்லி முடித்தால் ஒட்டாது, ஆனால் எடுப்பு எங்கே என்று மறக்காத அந்த உள்மனக் கணக்கு இருக்கிறதே, அது பொக்கிஷம். அதை விட்டுவிடாதீர்கள்.


கிழக்குக்கரை எழுதியது:

இது நல்ல பதிவு. கூடவே ஒன்று, ஜோயி டிஃப்ரான்செஸ்கோவையும் டாக்டர் லானி ஸ்மித்தையும் விட்டுவிட்டோம். டிஃப்ரான்செஸ்கோ 17 வயதிலேயே மைல்ஸ் டேவிஸுடன் ஊர் ஊராகப் போய் வாசித்தவர், 2022-இல் 51 வயதில் போய்ச் சேர்ந்தார், அதை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. லானி ஸ்மித் 2021-இல் காலமானார். அடுத்தடுத்து இரண்டு பெரிய ஆட்களை இந்தக் கருவி இழந்துவிட்டது. கோல்டிங்ஸ் கோஷ்டியைக் கேட்டு முடித்ததும் இவர்களிடம் கட்டாயம் வாருங்கள்.


ஈசூன் தாளம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'மூன்பேர்ட்' கேட்டேன், இசைத்தட்டு அண்ணன் சொன்ன மாதிரி இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு. இரண்டாவது தடவை சிம்பலோடு சேர்த்துக் கேட்டபோது சட்டென்று புரிந்தது, பேஸ் சுரம் சிம்பல் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்காருகிற இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் அவசரமே தெரியவில்லை. தோழியிடம் ஆராதனை அக்கா சொன்னதைக் காட்டினேன், சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிட்டாள். முதல் நாள் கஷ்டப்பட்டாள், ஆனால் பிடிவாதக்காரி.

கடைசியாக ஒன்று. வீட்டில்தான் பயிற்சி. வீவக வீடு, கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சமூக மன்றத்தில் அறை எப்போதும் கிடைப்பதில்லை. ஆர்கன் பேஸை எந்த ஸ்பீக்கரில் விடுவது, சத்தத்தை எப்படிக் குறைப்பது?


மின்கம்பி எழுதியது:

கீழ் வீட்டுக்குப் போய் இறங்குவது தாழ்ந்த அதிர்வுகள்தான், அதனால் வீட்டில் பேஸை ஸ்பீக்கரில் விடவே வேண்டாம். சின்ன மிக்ஸர் ஒன்று வாங்கிக் கீபோர்டையும் கித்தாரையும் அதில் செருகி மூவரும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் டிரம் செட்டை மறந்துவிட்டு ஒரு பயிற்சிப் பலகை, பிரஷ், துண்டு போட்டு அடக்கிய ரைடு சிம்பல், அவ்வளவோடு நிறுத்துங்கள், முன்னால் ஒரு மைக் வைத்தால் அதுவும் ஹெட்ஃபோனில் வந்துவிடும். பேஸ் டிரம் பெடலை மட்டும் தரையில் வைக்காதீர்கள், தடித்த ரப்பர் விரிப்பு போட்டாலும் கான்கிரீட் வழியாகக் கீழே இறங்கிவிடும்.

மன்றத்தில் அறை கிடைக்கிற நாளில் பேஸுக்குக் கித்தார் ஆம்ப் உதவாது. கீபோர்டு ஆம்ப் அல்லது 12 அங்குலத்துக்குக் குறையாத பிஏ ஸ்பீக்கர் வையுங்கள், அதை உங்கள் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடது கையை அதிகம் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.


ஞாயிறு ஆராதனை எழுதியது:

கீழ் வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள் தம்பி, எந்த நாள், எத்தனை மணி வரை என்று. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும்போது சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம் தங்கையிடம் சொல்லுங்கள், இடது கை நடக்க ஆரம்பித்ததும் முதலில் ஒரு மெதுவான பாட்டை எடுக்கட்டும். மெதுவான பாட்டில்தான் பேஸ் சுரத்தின் நீளம் சரியாக இருக்கிறதா என்று காதுக்குத் தெரியும். மன்றத்தில் வாசிக்கிற நாளை இங்கே போடுங்கள், நான் தெம்பனிஸிலிருந்து வருவேன்.